ஆவாரங்குச்சி, எருக்கிலை, எஃகு

(உலோகவியல், 1974–79 அணி)



"அண்ணா, எல்லாரும் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தியே எழுதி அனுப்பியிருக்காங்க. நீங்களாவது நம்ம துறையைப் பத்தி ஏதாச்சும் எழுதிக் கொடுங்க" என்று மலர்க்குழுவிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டார். சாம்பாரைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். சொல்வதற்கு நிறையவே இருக்கிறது! ஆனால் அதைவிடப் பழைய கடன் ஒன்று என்னிடம் பாக்கி நிற்கிறது. அதை இந்த மலரிலேயே எழுதித் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு பிற்பகல்

1978ஆம் ஆண்டு. நாங்கள் இறுதியாண்டு. பிராஜெக்டுக்குக் கஞ்சமலை இரும்புத் தாதுவை எடுத்துக்கொண்டோம். சேலத்துக்கு மேற்கே உள்ள அந்த மலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காந்தத்தில் ஒட்டும் மாக்னடைட் தாதுவும் குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லும் கோடு கோடாகக் கலந்து கிடக்கும். தாதுவைப் பொடித்து, காந்தத்தால் பிரித்து, எவ்வளவு இரும்பு தேறும் என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை.

நாங்கள் மூன்று பேர், தோளில் கோணிப்பை, கையில் சுத்தியல். மலையடிவாரத்து வயல் வரப்பில் கறுப்பாக, கனமாக, மேலெல்லாம் குமிழி குமிழியாக ஒரு கல் கிடந்தது. "என்னடா இது, எரிமலைக் கல் மாதிரி இருக்கு?" என்றான் ஒருவன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். எண்பது வயதுக்குக் குறையாது.

"கல்லுன்னு நெனச்சீங்களா தம்பி? அது சிட்டமுங்க. எங்க அப்பாரு காலத்துல இங்கதான் உலை போட்டு மண்ணை உருக்கினாங்க. தோண்டுனா வண்டி வண்டியா வரும்."

அப்பாரு என்றால் அந்தப் பக்கத்தில் பாட்டனார். எங்களுக்கு ஆர்வம் வந்தது. எப்படி உருக்கினார்கள் என்று கேட்டோம். துருத்தி இரண்டு, ஒன்று மூச்சு விடும்போது மற்றது மூச்சு வாங்க வேண்டும், காற்று நின்றால் உலை செத்துப்போகும் என்றார். "நெருப்போட நெறத்தைப் பாக்கணும், சத்தத்தைக் கேக்கணும். அது ஒரு கணக்குங்க. இப்பிடி நெழல்ல உக்காருங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

நாங்கள் உட்காரவில்லை. நாலரை மணிக்குக் கடைசி பஸ். "அடுத்த வாரம் வர்றோம் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடினோம். அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு வந்தது. அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ வந்தது. மூன்றாண்டுகள் கழித்து, வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். பெரியவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அன்று எங்கள் நோட்டுப் புத்தகத்தில் நாங்கள் எழுதியது ஒரே வரி: "கசடு, ஒரு துண்டு, சுமார் 2 கிலோ."

ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து கேட்டார்

நாங்கள் செய்யத் தவறியதை எங்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் செய்திருந்தார் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் சென்னை ராஜதானி சிவில் அதிகாரியாக இருந்தவர். இரும்பின்மேல் வந்த பைத்தியத்தில் உத்தியோகத்தையே விட்டவர். 1839ல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் இந்திய இரும்பு, எஃகு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சேலம் பகுதியின் உலைக்காரர்கள் எஃகு செய்யும் முறை அதில் படிப்படியாக இருக்கிறது.

முதல் கட்டத்தில் தாதுவையும் மரக்கரியையும் மண் உலையில் போட்டு, துருத்தியால் ஊதி, இரும்பு எடுப்பார்கள். அப்போது ஒதுங்குவதுதான் நாங்கள் கண்ட சிட்டம். இரண்டாவது கட்டம் எஃகு. அடித்துச் சுத்தம் செய்த இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மண் மூசையில் போடுவார்கள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, உலர்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்ப்பார்கள். மேலே ஓரிரண்டு பச்சை இலை. பெரும்பாலும் எருக்கிலை! பிறகு வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இப்படி இருபது, இருபத்து நான்கு மூசைகளை ஒன்றாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். ஆறிய பின் மூசையை உடைத்தால், கைக்குள் அடங்குகிற ஒரு எஃகு வட்டு இருக்கும். அது அளவுக்கு மீறிக் கடினமானது. அதனால் உருகாத சூட்டில் கரி நெருப்பில் பல மணி நேரம் புரட்டிப் புரட்டிச் சுட்டு, அதிகப்படியான கார்பனைப் போக்கிய பிறகே சுத்தியலடிக்கு எடுப்பார்கள்.

ஆவாரை நம் ஊரில் பல் துலக்கவும் தோல் பதனிடவும் ஆகும் செடி. எருக்கு, கேட்பாரற்றுக் கிடப்பது. இந்த இரண்டும் எஃகில் என்ன வேலை பார்க்கின்றன? தம்பிகளா, மெட்டலர்ஜி முதல் வருஷப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். சுத்த இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். மண் உலையும் கைத்துருத்தியும் அந்தச் சூட்டைத் தராது. ஆனால் இரும்பு கார்பனைக் குடிக்கக் குடிக்க அதன் உருகுநிலை இறங்கிக்கொண்டே வரும். மூடிய மூசைக்குள் குச்சியும் இலையும் கரிந்து, கார்பன் நிறைந்த வாயுவைப் பிறப்பிக்கின்றன. இரும்பு அதைக் குடிக்கிறது, உருகுகிறது, எஃகாகிறது. அன்றைய ஐரோப்பிய முறையில் இரும்புப் பட்டைகளைக் கரிக்குள் புதைத்து நாள்கணக்கில் சுடுவார்கள். நம்மவர்களுக்கு அது இரண்டரை மணி நேரத்து வேலை.

ஹீத் இதை வியந்ததோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் டேவிட் மஷெட் 1800ல் வாங்கிய பேடண்ட் ஒன்று, சார்லஸ் மாக்கின்டாஷ் 1825ல் வாங்கிய பேடண்ட் ஒன்று. முன்னது இரும்பையும் கரியையும் மூசையில் சேர்த்து உருக்குவது. பின்னது கார்பன் வாயுவால் இரும்பை எஃகாக்குவது. இந்த இரண்டின் தத்துவமும் சேலத்து மூசைக்குள் ஏற்கெனவே ஒன்றாக இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார்.

லண்டனில் உடைத்த மண்டைகள்

ஹீத்துக்கு முன்பே இந்த எஃகு லண்டனுக்குப் போய்விட்டது. 1794ல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற டாக்டர், ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்குச் சில வட்டுகளை அனுப்பினார். அங்கே அதற்கு "வூட்ஸ்" என்று பெயர். நம் உருக்கு என்ற சொல்லா, கன்னடத்து உக்கு என்ற சொல்லா, எது அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

1795ல் ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து கட்டுரை படித்தார். 1805ல் டேவிட் மஷெட் ஐந்து வட்டுகளைச் சோதித்து, இங்கிலாந்து எஃகைவிட இதில் கார்பன் அதிகம் என்று சொன்னார். சரியான வழிதான். அதற்குப் பிறகு வந்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே! மின்சாரத்துக்குப் போகும் முன்னால் அந்த மேதை கைவைத்தது நம் எஃகில். கொல்லருடைய மகன் அல்லவா! 1819ல் வூட்ஸைப் பகுத்துப் பார்த்து, அதில் அலுமினா இருக்கிறது, அதுதான் ரகசியம் என்று நினைத்தார். அது தவறு. ஆனால் அந்தத் தவறான நூலைப் பிடித்துக்கொண்டு, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து, எஃகோடு பிளாட்டினம், ரோடியம், வெள்ளி, குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். 1820லும் 1822லும் வெளியான அந்தக் கட்டுரைகள் கலப்பு எஃகு ஆராய்ச்சியின் தொடக்கங்களில் சேர்ந்தவை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பாரிஸ் நாணயசாலையின் பிரெயாந், நூற்றுக்கணக்கான உருக்குகளுக்குப் பின், ரகசியம் கார்பனில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ரஷ்யாவில் ஸ்லாட்டவுஸ்ட் ஊரில் அனோசவ் 1831லேயே எஃகை மைக்ராஸ்கோப் அடியில் வைத்துப் பார்த்தார்.

இத்தனை பேர் கையிலும் வட்டு இருந்தது. வட்டைச் செய்தவன் பக்கத்தில் இல்லை. அதனால் எளிய விஷயத்தில்கூடத் தடுமாறினார்கள். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளைச் சூட்டுக்குக் கொண்டுபோய் அடித்தார்கள். வூட்ஸ் நொறுங்கிப்போனது. இவ்வளவு கார்பன் உள்ள எஃகைச் சிவப்புச் சூட்டில்தான் பொறுமையாக அடிக்க வேண்டும். ஆடு மேய்த்த பெரியவர் சொன்னாரே, "நெருப்போட நெறத்தைப் பாக்கணும்" என்று. அந்த நிறத்தைப் பக்கத்தில் நின்று காட்ட அவர்களுக்கு ஆளில்லை.

பரங்கிப்பேட்டை முதல் ஷெஃபீல்டு வரை

இனி ஹீத்தின் கதை. நல்ல கதை, சோகமான கதை. ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் நல்ல எஃகுக்கு ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்தார்கள். சேலத்துத் தாது அதற்குக் குறைந்ததா என்ன என்று ஹீத் நினைத்தார். கம்பெனியிடம் தனியுரிமையும் கடனும் வாங்கி, 1830ல் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை இரும்பாலையைத் தொடங்கினார். பிறகு மலபாரில் பேப்பூரிலும் ஒன்று.

தாது முதல் தரம். ஆனால் அது கிடைப்பது சேலத்தில், உலை இருப்பது கடற்கரையில். அதைவிடப் பெரிய தொல்லை கரி. சிற்றூர் உலை ஒன்று பக்கத்துக் காட்டு விறகில் ஓடிவிடும். ஊதுலையின் பசி வேறு. வருஷத்துக்கு வருஷம் காடு பின்வாங்க, கரி வண்டி வர வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போயிற்று. ஹீத்தின் கைப்பணம் கரைந்தது. 1850களில் ஆலைகள் வேறொரு கம்பெனியின் கைக்கு மாறின. அவர்களாலும் நடத்த முடியாமல் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எல்லாம் ஓய்ந்தது.

ஆனால் அதற்குள் ஹீத் இங்கிலாந்து போய் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டார். எஃகு உருகும் மூசையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குவரை மாங்கனீசு கார்பைடு சேர்த்தால், மட்டமான இங்கிலாந்து இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்தார். இன்று நமக்குக் காரணம் தெரியும். மாங்கனீசு எஃகிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். கந்தகத்தைத் தன்னோடு கட்டிப்போட்டு, சிவப்புச் சூட்டில் எஃகு நொறுங்காமல் காக்கும். 1839ல் பேடண்ட் கிடைத்தது. ஷெஃபீல்டு முழுதும் அந்த முறை பரவியது.

வினை பேடண்டின் வார்த்தையில் வந்தது. மாங்கனீசு கார்பைடைத் தனியாகச் செய்து போட வேண்டியதே இல்லை, மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் நேராக மூசையில் போட்டாலே உள்ளே அது உண்டாகிவிடும் என்பது ஹீத்துக்குப் பின்னால்தான் தெரிந்தது. இந்தச் சிக்கன வழியைத் தன் ஏஜெண்டான அன்வின் என்பவரிடம் நம்பிச் சொன்னார். அன்வின் அதையே தனக்காகச் செய்ய ஆரம்பித்தார். "பேடண்டில் கார்பைடு என்றுதானே இருக்கிறது? நான் போடுவது ஆக்சைடும் கரியும்தானே?" என்பது அவர் வாதம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1851ல் ஹீத் கையில் காசில்லாமல் இறந்தார். 1855ல் பிரபுக்கள் சபை ஹீத் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அடுத்த வருஷமே பெஸ்ஸமர் தன் முறையை அறிவித்தார். அந்த எஃகு சூட்டில் நொறுங்கித் தொல்லை கொடுத்தபோது அதைக் காப்பாற்றியது மாங்கனீசு. சேர்த்துக் காட்டியவர் ராபர்ட் மஷெட். வூட்ஸ் வட்டுகளைச் சோதித்தாரே டேவிட் மஷெட், அவருடைய மகன்தான்!

சேலத்தில் என்ன ஆயிற்று?

அங்கே எஃகு யுகம் பிறந்தது, இங்கே உலைகள் அணைந்தன. கப்பலிலும் பிறகு ரயிலிலும் வந்த சீமை இரும்பின் விலையோடு மல்லுக்கட்ட முடியவில்லை. 1882ன் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் கரி சுடக் காட்டுக்குள் போவதும் கடினமாயிற்று. உலைக்காரர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய "கணக்கு" தகப்பனிடமிருந்து மகனுக்குக் கண்ணாலும் காதாலும் போன கணக்கு. ஒரு தலைமுறை உலை மூட்டவில்லை என்றால் அதோடு சரி. எங்களிடம் பேசிய பெரியவர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருந்திருக்கலாம். அவரும் உலையை ஊதியவரல்லர், பாட்டனார் சொல்லக் கேட்டவர்தான். ஆனால் கேட்டிருந்தார். நாங்கள் கேட்கவில்லை.

அதன் பிறகு ஆராய்ச்சியாளர்கள் மண்ணைத் தோண்டி, துண்டு துண்டாகத்தான் அந்தக் கணக்கை மீட்க வேண்டியிருந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் உலைகள் வெளிப்பட்டன. 1990களில் சாரதா சீனிவாசன் மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்த இடத்தைக் கண்டு ஆராய்ந்தார். தக்காணத்து மூசை ஓடுகளை ஆராய்ந்தபோது களிமண்ணோடு நெல் உமி கலந்திருப்பது தெரிந்தது. உமி கரிந்து மிஞ்சும் கார்பனும் சிலிக்காவும் மூசையைச் சூட்டில் தாங்கிப்பிடிக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஷெர்பியும் வாட்ஸ்வொர்த்தும் 1970களில் உயர்கார்பன் எஃகை ஆராயப்போய், தாங்கள் செய்தது பழைய டமாஸ்கஸ் வாள் எஃகின் உறவு என்று கண்டார்கள். 1990களில் வெர்ஹோவனும் வாள் கொல்லர் பென்ட்ரேயும் அந்த வாளின் அலைக்கோடுகளுக்குக் காரணம் தாதுவில் கடுகளவு இருக்கும் வனேடியம் போன்ற தனிமங்கள் என்று செய்தே காட்டினார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோகிறது. அதன்மேல் அறிஞர்களின் விவாதம் தொடர்கிறது. எப்படியானாலும், நம் மண்ணில் இரும்பின் வயது மிகப் பெரியது. அதைப் பற்றிய நம் எழுத்தின் வயதுதான் சின்னது.

இரண்டு பெட்டிகள்

கடைசியாக ஒன்று. ஃபாரடே தன் எஃகுத் துண்டுகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவர் காலத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மாங்கனீசு எஃகைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். உள்ளே 79 துண்டுகள்! ஒவ்வொன்றையும் சோதித்து, ஃபாரடே எதை எதோடு கலந்தார் என்று 1931ல் ஒரு புத்தகமே எழுதினார். ஃபாரடேயின் முடிவு தவறாக இருந்தாலும் துண்டு பத்திரமாக இருந்ததால், அந்த உழைப்பு வீண்போகவில்லை.

நாங்கள் கொண்டுவந்த சிட்டம்? பிராஜெக்ட் முடிந்ததும் லேப் அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். சீட்டு ஒட்டவில்லை. எந்த ஊர், எந்த வயல், யார் காட்டினார் என்று எதுவும் எழுதவில்லை. பிறகொரு முறை லேபுக்கு வெள்ளையடித்தபோது அது குப்பையோடு போய்விட்டது. போட்டவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. பெயர் எழுதாத கல், கல்தானே?

இந்தப் பாடம் எனக்கு வேலையில் உதவியது. நான் முப்பது வருஷம் ஃபவுண்டரியில் இருந்தேன். எங்கள் ஃபர்னஸில் ஒரு மூத்த மெல்ட்டர் இருந்தார், எட்டாம் வகுப்புப் படிப்பு. கரண்டியில் உலோகத்தை அள்ளி, மேலே படரும் ஏட்டைப் பார்த்து, "கார்பன் கொஞ்சம் தூக்கலா இருக்கு சார்" என்பார். லேப் ரிப்போர்ட் வரும்போது பெரும்பாலும் அவர் சொன்னதாகவே இருக்கும். இந்தத் தடவை நான் உட்கார்ந்தேன். தினமும் ஷிஃப்ட் முடிந்து பத்து நிமிஷம். அவர் சொன்னதையும், அன்றைய ரிப்போர்ட்டையும், அவர் கணிப்புத் தப்பிய நாட்களையும் சேர்த்து எழுதினேன். மூன்று நோட்டுப் புத்தகங்கள் ஆயின.

அவற்றை இந்தக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். நம் துறை நூலகத்தில் வைக்கக் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார்கள். சுரங்கத்திலும் உலையிலும் ரோலிங் மில்லிலும் காலம் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டைரி கிடக்கும். பழைய பேப்பர்க்காரருக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதைக் கொண்டுவாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று. லேபில் எடுக்கும் எந்தச் சாம்பிளானாலும், உருப்படாத சாம்பிளானாலும், ஊர், தேதி, கொடுத்தவர் பெயர் எழுதி ஒட்டுங்கள். வெளியூர் போகும்போது யாராவது பெரியவர் "உக்காருங்க, சொல்றேன்" என்றால், பஸ் போனால் போகட்டும். அடுத்த பஸ் வரும்.